வீட்டுக் கணக்கு மென்பொருள்: திரையை விட்டு அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கதை

அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து, செலவில் சரிபாதியைத் தான் ஏற்றுக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்த அண்ணன், மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று தொலைபேசியில் கேட்டார். நான்கு ஆண்டுகளாகத் தேநீர்ச் செலவைக்கூட விடாமல் ஒரு கைப்பேசிச் செயலியில் எழுதிவந்தவன் நான் என்பதால், அன்று இரவே சொல்லிவிடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். சொல்வதற்கு இரண்டு மாலைகள் பிடித்தன. அதுவும், பின்னால் தெரியவந்தபடி, தவறான விடை. மருத்துவமனைக் கட்டணம் ‘மருத்துவம்’ என்ற தலைப்பில் இருந்தது, போய்வந்த டாக்சி ‘போக்குவரத்து’க்குள் போயிருந்தது, வாடகைக்கு எடுத்த கட்டில் ‘வீடு’ என்பதிலும், வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்டின் கட்டணம் ‘இதர’ என்பதிலும் கிடந்தன, காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தந்த தொகையை நான் ‘வருமானம்’ என்று எழுதிவைத்திருந்தேன். ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் வண்ண வண்ணமாக வட்ட வரைபடம் காட்டத் தெரிந்த அந்தச் செயலிக்கு, ஐந்து தலைப்புகளில் சிதறிக் கிடந்த ஒரே காரியத்தின் செலவைக் கூட்டிச் சொல்லத் தெரியவில்லை. தரவை வெளியே எடுத்து நானே கூட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அது கொடுத்தது பிடிஎஃப் கோப்பு மட்டுமே.

எழுதி வைத்ததெல்லாம் அதற்குள் பத்திரமாக இருந்தது. கேட்பதற்கு மட்டும் வழியில்லை. ஆகையால் அடுத்த மென்பொருளைத் தேடியபோது நிபந்தனை ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டேன்: கணக்கு என் கணினியில் ஒரு தரவுத்தளமாக இருக்க வேண்டும், அந்த மென்பொருளின் தயவு இல்லாமல், தரவுத்தளத்திடம் கேள்வி கேட்பதற்கான எஸ்கியூஎல் மொழியில் அதை நானே வினவ முடிய வேண்டும். இந்த நிபந்தனையை நிறைவேற்றுபவை பல உண்டு என்று தெரிந்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் தரவுத்தளம் இருப்பது வேறு, அதன் அட்டவணைகள் நாம் கேட்கும் கேள்விக்கு நேர்மையான விடை தரும்படி அமைந்திருப்பது வேறு என்பது ஒவ்வொன்றையும் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது.

எக்செல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வரிக்கு ஒரு தொகை என்று போகும்வரை போதும். ஒரே ரசீதில் மளிகையும் மருந்தும் இருந்தாலோ, வங்கிக் கணக்கிலிருந்து கிரெடிட் கார்டுக்குப் பணம் கட்டினாலோ, அந்த ஒற்றை வரி உடைந்துபோகிறது. கார்டு கட்டணத்தைச் செலவாக எழுதி, கார்டில் வாங்கியதையும் செலவாக எழுதி, ஒரே ரூபாயை இரண்டு முறை செலவழித்த வீடுகள் எத்தனையோ.

மூடிய கோப்பு வடிவத்தின் ஆபத்துக்கு நல்ல உதாரணம் மைக்ரோசாஃப்ட் மணி என்ற பழைய வீட்டுக் கணக்கு மென்பொருள். 2009இல் அதன் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்த நிறுவனம், ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்காக 2010இல் ‘சன்செட்’ என்ற பெயரில் ஒரு இறுதிப் பதிப்பை இலவசமாக வெளியிட்டது. கோப்புக்குள் இருந்தது என்னவோ மைக்ரோசாஃப்டின் ஜெட் வகைத் தரவுத்தளம்தான்; ஆனால் மறையாக்கம் செய்யப்பட்டது. வெளியார் சிலர் அதைப் படிக்க ஜாவா நிரல்கள் எழுதிய பிறகே, பத்துப் பதினைந்து ஆண்டுக் கணக்கு வைத்திருந்தவர்கள் தங்கள் சொந்த எண்களை அட்டவணையாகப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் இன்ட்யூட் நிறுவனம் நடத்திய மின்ட் என்ற இணையவழி வீட்டுக் கணக்குச் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டபோது பயனர்கள் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. இரண்டுமே பெரிய நிறுவனங்களின் மென்பொருள்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய நிறுவனம் என்பது நம் கணக்குக்கு எந்த உத்தரவாதமும் அல்ல.

இதற்கு நேர்மாறாக, எஸ்கியூலைட் கோப்பைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. ரிச்சர்டு ஹிப் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய இந்தத் தரவுத்தளத்தின் மூல நிரல் பொதுச் சொத்தாக விடப்பட்டிருக்கிறது. இன்று புழங்கும் மூன்றாம் பதிப்பின் கோப்பு வடிவம் 2004 முதல் மாறாமல் வருகிறது. 2050 வரை அதைப் பராமரிக்கும் நோக்கத்துடன் இருப்பதாக அதை உருவாக்குபவர்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தரவுத் தொகுப்புகளை நெடுங்காலம் பாதுகாக்கப் பரிந்துரைக்கும் வடிவங்களில் இதுவும் ஒன்று. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் வழங்கி (சர்வர்) எதுவும் வேண்டாம். முழுக் கணக்கும் ஒரே கோப்பு. ஒரு குடும்பத்தின் நாற்பது ஆண்டுக் கணக்கை இதில் வைத்தாலும் கைப்பேசியில் எடுத்த ஓரிரு காணொளிகள் அளவுக்குக்கூட வராது.

சோதனைக்கு நான் எடுத்துக்கொண்ட முறை எளியது. ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரே இருபது பதிவுகளை எழுதினேன். பிறகு மென்பொருளை மூடிவிட்டு, கோப்பை டிபி பிரவுசர் என்ற இலவசக் கருவியில் திறந்தேன். அந்த இருபதையும் வேண்டுமென்றே வம்பானவையாகப் பொறுக்கியிருந்தேன். பிரிக்க வேண்டிய ரசீது ஒன்று. கார்டுக்குக் கட்டிய பணம் ஒன்று. வாங்கித் திருப்பிக் கொடுத்த சட்டைக்கு வந்த பணம் ஒன்று. எழுதிவிட்டு அழித்த பதிவு ஒன்று. மார்ச் 31, ஏப்ரல் 1 ஆகிய இரு நாள்களில் ஒவ்வொரு செலவு. அலகுகள் மூன்று தசமம் வரை போகும் ஒரு மியூச்சுவல் ஃபண்டு தவணை.

எல்லாவற்றையும்விடப் பெரிய வம்பு சீட்டு. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர், மாதம் 5,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த மாத ஏலத்தில் தள்ளுப் போனதில் ஆளுக்கு 800 ரூபாய் பங்கு விழுந்தால், நான் கட்டுவது 4,200. இதைச் செலவு என்று எழுதுவது தவறு, ஏனென்றால் பணம் எங்கும் போய்விடவில்லை. 4,200 ரூபாய்ச் சேமிப்பு என்று எழுதினால், அந்த 800 எங்கிருந்து வந்தது என்பது மறைந்துவிடும். மேல்நிலை வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது நொடியில் விளங்கும்: சீட்டுக் கணக்கில் 5,000 பற்று, வங்கிக் கணக்கில் 4,200 வரவு, தள்ளு வருமானத்தில் 800 வரவு. ஒவ்வொரு பற்றையும் வரவையும் ஒரு கால் என்று கொண்டால், இந்த மூன்று கால் பதிவை ஒரு மென்பொருள் இயல்பாக ஏற்றுக்கொள்கிறதா, முரண்டு பிடிக்கிறதா என்பதிலேயே அதன் குணம் பாதி தெரிந்துவிடும்.

ஹோம்பேங்க் அழகானது, எடை குறைந்தது. ஆனால் கோப்பு எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவம், தரவுத்தளம் அல்ல. அதை அத்துடன் விட்டுவிட்டேன்.

மணி மேனேஜர் எக்ஸ் எனப்படும் திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள்தான் தொடக்கத்தில் என்னை மிகவும் கவர்ந்தது. அதன் கோப்பே நேரடியாக எஸ்கியூலைட் கோப்பு. கோப்புப் பெயரின் கடைசியில் வரும் ஒட்டை மட்டும் மாற்றி வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு படி மேலே போய், மென்பொருளுக்குள்ளேயே எஸ்கியூஎல் வினவல் எழுதி அதை அறிக்கையாக ஆக்கிக்கொள்ளும் வசதியையும் தந்திருக்கிறார்கள். அட்டவணையைத் திறந்து பார்த்தபோதுதான் தயக்கம் வந்தது. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் மாற்றுவது அங்கே ஒரே வரி. அனுப்பும் கணக்கு ஒரு பத்தியிலும் பெறும் கணக்கு இன்னொரு பத்தியிலும் இருக்கின்றன. ஆகவே ஒரு கணக்கின் இருப்பைக் கேட்டால், அது அனுப்பியவற்றைத் தனியாகவும் பெற்றவற்றைத் தனியாகவும் எடுத்து ஒட்டவேண்டும். பிரித்த ரசீதுகளின் தலைப்புகள் வேறொரு அட்டவணையில் இருக்கின்றன. அழித்த பதிவு அழிவதில்லை. அழித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அங்கேயே நிற்கிறது. அதை விலக்க மறந்த வினவல், நான் அழித்ததையும் சேர்த்துக் கூட்டிச் சொல்லும். இவை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு வினவ முடியும்தான். ஆனால் சீட்டின் மூன்று கால் பதிவை எழுத நான் ஒரு சுற்றுவழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் மனம் விட்டுப்போயிற்று.

ஆக்சுவல் என்பது வணிக மென்பொருளாக இருந்து 2022இல் திறமூலமாக்கப்பட்டது. உறை உறையாகப் பணத்தைப் பிரித்துவைத்து வரவு செலவுத் திட்டம் போடுபவர்களுக்கு இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்க்கவில்லை. இதன் அடியிலும் எஸ்கியூலைட்தான். தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைப்பதும், தேதியை எட்டு இலக்க எண்ணாக வைப்பதும் எனக்குப் பிடித்திருந்தன. பிரித்த ரசீது மட்டும் கவனமாகக் கையாள வேண்டியது: தாய் வரியும் அதன் பிள்ளை வரிகளும் ஒரே அட்டவணையில் நிற்கின்றன. எதையும் யோசிக்காமல் கூட்டினால் 1,200 ரூபாய் ரசீது 2,400 ஆகிவிடும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று, சிறிது நேரம் மளிகைக்காரர்மேல் சந்தேகப்பட்டேன்.

ஃபயர்ஃபிளை 3 முற்றிலும் வேறு இனம். அது இணைய வழங்கியில் ஓடும் மென்பொருள். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தளங்களில் எதையும் அடித்தளமாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பதிவுக்கும் கூட்டல் குறியுடன் ஒரு வரியும் கழித்தல் குறியுடன் ஒரு வரியும் எழுதுகிறது. ஒழுங்கான இரட்டைப் பதிவு. வேறு நிரல்கள் அதனோடு பேசுவதற்கான நிரல்வழி அணுகலும் மிக விரிவானது. ஆனால் வீட்டுக் கணக்கு எழுதுவதற்காக ஒரு வழங்கியைப் பராமரிப்பதும், மாதந்தோறும் அதைப் புதுப்பிப்பதும், மின்வெட்டுக்குப் பிறகு அது எழுந்ததா என்று பார்ப்பதும் எனக்கு ஒத்துவராது. அலுவலகத்தில் செய்யும் வேலையையே வீட்டிலும் செய்ய விரும்புபவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கேமைமணி பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். வழக்கமாக அது எக்ஸ்எம்எல் கோப்பில் சேமித்தாலும், விரும்பினால் எஸ்கியூலைட் தரவுத்தளமாகவும் சேமிக்கும். அங்கே தொகை பின்னமாக, அதுவும் எழுத்து வடிவில் இருக்கிறது, 149.50 ரூபாய் என்பது 299/2 என்று சுருங்கி நிற்கும். அந்தப் பத்தியைக் கூட்டச் சொன்னால் எஸ்கியூலைட் எந்தப் பிழையும் காட்டாமல், சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள எண்களை மட்டும் எடுத்துக் கூட்டிக் கொடுத்துவிடும். எண்ணாக மாற்றக்கூடிய வடிவத்தில் தொகையை எழுதிவைத்த இன்னொரு பத்தி பக்கத்திலேயே இருக்கிறது. அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது தெரியாதவருக்கு வரும் விடை, விடை போலவே தோன்றும் ஒரு குப்பை.

எளிய உரைக் கோப்பில் கணக்கு எழுதும் வழியையும் சொல்லாமல் விடக்கூடாது. ஜான் வீக்லி 2003இல் தொடங்கிய லெட்ஜர், அதன் வழிவந்த ஹெச்லெட்ஜர், மார்ட்டின் பிளே எழுதிய பீன்கவுண்ட் ஆகியவை இந்த வகை. பீன்கவுண்டில் எஸ்கியூஎல் சாயலிலேயே ஒரு வினவல் மொழி இருக்கிறது. ஹெச்லெட்ஜர் தன் பதிவுகளை எஸ்கியூஎல் கட்டளைகளாகவே வெளியிடும். தனி ஆளாக இருந்திருந்தால் இதில் ஒன்றில் நின்றிருப்பேன். எங்கள் வீட்டில் மனைவியும் கணக்கு எழுதுகிறார். கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் நடுவே இரண்டு இடைவெளி விடாவிட்டால் எல்லாம் குழம்பும் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பார்த்த பார்வையிலேயே அந்த வழி மூடிவிட்டது.

கடைசியாக நின்றது நியூகேஷ். 1990களின் இறுதியிலிருந்து வளர்ந்துவரும் இந்த மென்பொருளுக்கு அழகு என்று சொல்ல எதுவுமில்லை. திரையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இதுதான் முதலில் கழிந்திருக்கும். வழக்கமான சேமிப்பு எக்ஸ்எம்எல் என்றாலும், 2010இன் இறுதியில் வந்த 2.4 பதிப்பு முதல் எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரஸ் ஆகியவற்றிலும் சேமிக்கலாம். அட்டவணைகளைத் திறந்தால் ஒரு கணக்காளரின் மனம் அப்படியே தெரிகிறது. கணக்குகளுக்கு ஓர் அட்டவணை. நடவடிக்கைகளுக்கு ஓர் அட்டவணை, அதில் தேதியும் விவரமும் மட்டும், தொகை கிடையாது. தொகையெல்லாம் மூன்றாவது அட்டவணையில், ஒவ்வொரு காலுக்கும் ஒரு வரியாக. சீட்டின் மூன்று கால் மூன்று வரிகளாக உட்கார்ந்தது. எந்த நடவடிக்கையை எடுத்துக் கூட்டினாலும் பூஜ்யம். முழு அட்டவணையையும் அப்படிச் சரிபார்க்க ஒரே வினவல் போதும்.

இதிலும் நான் விழுந்த குழிகள் உண்டு, அவற்றைச் சொல்வதுதான் பயன். நியூகேஷ் ஒவ்வொரு தொகையையும் தொகுதி, பகுதி என்று இரண்டு முழு எண்களாக வைக்கிறது, 149.50 ரூபாய் என்பது 14950, 100. தசமப் பிழை வரவே வராத, மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் எஸ்கியூலைட்டில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதியை உதிர்த்துவிடும். வரிக்கு வரி வகுத்துக் கூட்டியதால் என் 149.50 எல்லாம் 149 ஆகி, ஆண்டு மளிகைச் செலவு சில நூறு ரூபாய் குறைவாக வந்தது. முதலில் கூட்டி, பிறகு 100.0 என்று புள்ளியோடு எழுதி வகுத்த பிறகே வங்கிப் பட்டியலோடு பொருந்தியது. வருமானக் கணக்குகள் எல்லாம் கழித்தல் குறியுடன் வருவது இரண்டாவது அதிர்ச்சி. அது பிழையல்ல, வரவு வைக்கும் பக்கம் என்பதன் அடையாளம் என்று தெரிந்துகொண்டால் போதும். மூன்றாவது, கணக்குகள் கிளை கிளையாக இருப்பது. ‘மருத்துவம்’ என்பதன் கீழே மருந்து, மருத்துவமனை, பரிசோதனை என்று பிரித்திருந்தால், தாய்க் கணக்கைக் கேட்டால் பிள்ளைகளின் தொகை தானாக வராது; தன்னையே திரும்ப அழைக்கும் வினவல் எழுத வேண்டும். எஸ்கியூலைட்டில் 2014இல் வந்த 3.8.3 பதிப்பிலிருந்து இது முடியும். ஒருமுறை எழுதி, அந்த வினவலை ஒரு தனி உரைக் கோப்பில் சேமித்து வைத்துவிட்டேன். இன்று அதை யோசிப்பதே இல்லை.

மியூச்சுவல் ஃபண்டுக்கு இந்த அமைப்பு எவ்வளவு பொருத்தம் என்பது பயன்படுத்தியபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு காலிலும் ரூபாய் மதிப்பு ஒன்று, அளவு ஒன்று என இரண்டு எண்கள் இருப்பதால், போட்ட பணமும் கிடைத்த அலகும் ஒரே வரியில் நிற்கின்றன. அன்றாட அலகு மதிப்பை, மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி எளிய உரைக் கோப்பாக, அரைப்புள்ளிகளால் பிரித்து, எல்லாத் திட்டங்களுக்கும் சேர்த்து வெளியிடுகிறது. நியூகேஷ் பயன்படுத்தும் ஃபைனான்ஸ் கோட் என்ற பெர்ல் மொழி நிரல் தொகுப்பு அந்தக் கோப்பிலிருந்தே இந்திய ஃபண்டுகளின் மதிப்பை எடுத்து விலை அட்டவணையில் போட்டுவிடும்.

நிதியாண்டு நமக்கு ஏப்ரலில் தொடங்குவதால், வெளிநாட்டு மென்பொருள்களின் ஆண்டு அறிக்கைகள் வருமான வரி நேரத்தில் உதவுவதில்லை. நாமே வினவும்போது இது ஒரு பிரச்சினையே அல்ல: தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்துவிட்டு, மிஞ்சும் ஆண்டை வைத்துத் தொகுத்தால் போதும், 2024 மார்ச் 31 என்பது 2023க்குள்ளும், 2024 ஏப்ரல் 1 என்பது 2024க்குள்ளும் போய்ச் சேரும். ஆனால் நண்பர் ஒருவரின் பழைய நியூகேஷ் கோப்பில் இதே வினவல் தவறியது. 2.6 வரிசைப் பதிப்புகள், பதிவுத் தேதியின் உள்ளூர் நள்ளிரவை உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தன. நம் நேரம் ஐந்தரை மணி முந்தியது என்பதால், ஏப்ரல் 1 நள்ளிரவு அங்கே மார்ச் 31 மாலை 18:30 என்று பதிவாகியிருந்தது. நிதியாண்டின் முதல் நாள் பதிவெல்லாம் முந்தைய ஆண்டுக்குள் விழுந்தது. இப்போதைய பதிப்புகள் பொது நேரம் 10:59 என்று ஒரே நேரத்தை எல்லாப் பதிவுகளுக்கும் வைப்பதால், உலகின் பெரும்பாலான இடங்களில் நாள் மாறுவதில்லை.

தமிழில் தலைப்பு வைப்பவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு. ‘போக்குவரத்து’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எஸ்கியூலைட்டுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். விசைப்பலகையில் தட்டுவது பெரும்பாலும் ஒரே குறியாகத்தான் வரும். ஒரு பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டிய சில குறிப்புகளில் இரண்டாவது வகை புகுந்திருந்ததால், தேடலில் அவை அகப்படவே இல்லை. அகர வரிசையும் நம் நெடுங்கணக்குப்படி வராது. னகரம் நகரத்துக்கு அடுத்தே வந்து நிற்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வங்கியிலிருந்து பதிவுகளைத் தானாக இழுக்கும் வசதியை எதிர்பார்த்து யாரும் இதில் இறங்க வேண்டாம். நம் ஒப்புதலோடு வங்கித் தரவைப் பிறருக்குப் பகிரும், ரிசர்வ் வங்கியின் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டில் தரவைப் பெறுபவர் ஏதேனும் ஒரு நிதி ஒழுங்காற்று அமைப்பின்கீழ் பதிவு பெற்ற நிறுவனமாக இருக்க வேண்டும். என் மேசைக் கணினிக்கு அங்கே இடமில்லை. ஆகவே மாதம் ஒருமுறை பட்டியலை இறக்கி ஏற்றுவதுதான் வழி. எனக்கு வரும் பட்டியல்களில் ஒன்று, பெயரில் எக்செல், உள்ளே தாவல்களால் பிரித்த வெறும் உரை, தொகைகள் 1,25,000.00 என்று நம் முறையில் காற்புள்ளியுடன் இருக்கும்; ஏப்ரல் 3ஐ மார்ச் 4 என்று ஒருமுறை ஏற்றிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதைத் திருத்துவதில் கழித்தேன். யுபிஐ பதிவுகளில் வரும் 12 இலக்க எண்ணை நடவடிக்கை எண்ணுக்கான பத்தியில் ஏற்றிவைக்கும் பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. ஒரே எண் இரண்டு முறை வருகிறதா என்று கேட்கும் ஒரு சிறிய வினவல், இரட்டை ஏற்றத்தை உடனே காட்டிக்கொடுக்கிறது.

படிப்பதற்குத்தான் தரவுத்தளத்தைத் திறக்க வேண்டும், எழுதுவதற்கு அல்ல என்று நியூகேஷ் உருவாக்குநர்கள் வலியுறுத்துகிறார்கள், அதை நான் மீறுவதில்லை. மென்பொருள் தொடங்கும்போதே முழுக் கணக்கையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது. பின்னாலிருந்து நாம் ஒரு வரியை மாற்றினால் அதற்குத் தெரியாது. மூல கோப்பை நான் தொடுவதே இல்லை. ஒரு நகல் எடுத்து, நகலிலேயே வினவுகிறேன். எஸ்கியூலைட்டில் சேமிப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: எக்ஸ்எம்எல் கோப்புக்குத் தேதியிட்ட காப்பு நகல்களைத் தானாக எடுத்துவைக்கும் இந்த மென்பொருள், தரவுத்தளத்துக்கு அப்படிச் செய்வதில்லை. மாற்றம் உடனுக்குடன் எழுதப்படுகிறது. சேமிக்காமல் மூடித் தப்பிக்க வழியில்லை. காப்பு எடுப்பது நம் பொறுப்பு. கடவுச்சொல் பூட்டும் கிடையாது. நான் எளிதாக வினவ முடிகிற கோப்பை, என் மடிக்கணினியைத் தூக்கிச் செல்பவரும் அதே எளிமையோடு வினவலாம். வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்த பிறகே கணக்கை அதில் வைத்தேன்.

அம்மாவின் செலவைப் பற்றித்தானே தொடங்கினேன். பழைய செயலியில் இருந்த நான்கு ஆண்டையும் ஏற்றும் பொறுமை எனக்கு இல்லை. அறுவை சிகிச்சை நடந்த ஆண்டை மட்டும் வங்கிப் பட்டியல், ரசீதுகள், அந்தப் பிடிஎஃப் ஆகியவற்றைக் கொண்டு எழுதினேன். நியூகேஷில் குறிச்சொல் வசதி கிடையாது. நடவடிக்கையின் குறிப்பு என்ற இடத்தில் எழுதினால் அது பொதுவான வேறொரு அட்டவணைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. ஒவ்வொரு காலுக்கும் உரிய சிறுகுறிப்பில் எழுதினால் தொகைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அங்கே ‘மூட்டு’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் இட்டேன். தலைப்பு எதுவாக இருந்தாலும் அந்தச் சொல் உள்ள கால்களை மட்டும் கூட்டச் சொன்னால் விடை ஒரு நொடியில் வருகிறது.

ஏற்றும்போது எந்தத் தலைப்பிலும் சேராத பதிவுகளை நியூகேஷ் ‘இம்பேலன்ஸ்’ என்ற தனிக் கணக்கில் தள்ளிவைக்கும். அதை வினவியபோது 4,350 ரூபாய் வரவு ஒன்று தனியாக நின்றது. தேதியையும் காப்பீட்டுக் கடிதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, காப்பீட்டுத் தொகை இரண்டு தவணைகளாக வந்திருப்பதும், நான் முதல் தவணையை மட்டுமே எழுதியிருப்பதும் தெரிந்தது. அண்ணனிடம் 2,175 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறேன். சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, அம்மாவின் மாத்திரைக்கு வைத்துக்கொள் என்றார். பொறுப்புகள் பகுதியில் ‘அண்ணனுக்குத் தரவேண்டியது’ என்று ஒரு கணக்கைத் திறந்து, மாத்திரை வாங்கும்போதெல்லாம் அதில் கழித்துவருகிறேன். இன்று காலை பார்த்தபோது அதில் 640 ரூபாய் மீதமிருந்தது.